இரண்டு துண்டுக்குப் போட்ட ஊசி

அமெரிக்காவின் எல்க் ரன் என்ற சிற்றூரில் யாரும் யாருடைய சமையலையும் வாய்விட்டுப் புகழ மாட்டார்கள். "பரவால்ல, மோசமில்ல" என்று சொல்லிவிட்டால் அது மாலை போட்டதற்குச் சமம். பிடிக்கவில்லை என்றாலும் சொல்ல மாட்டார்கள். "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பெண்கள் உண்டு. உண்மையான தீர்ப்பு ட்ரேயில்தான் இருக்கிறது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், விருந்துக்கு வீட்டிலிருந்து சமைத்துவந்து நீள மேசைமேல் வைத்த கண்ணாடி ட்ரே காலியாகத் திரும்பினால் ஜெயம். மிச்சத்தோடு திரும்பினால், அதைக் கார் வரைக்கும் எல்லார் கண்முன்னாலும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

காலி என்றால் முழுக் காலி இல்லை. கடைசித் துண்டை எடுப்பது அந்த ஊரில் செய்யத் தகாத காரியம். கடைசித் துண்டு மிஞ்சும்போது ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. இப்படியே போய், மூலையில் ஒரு துணுக்கு நிற்கும். அதை எவரும் தொடமாட்டார்கள். பாத்திரம் கழுவும் பெண்கள்தான் யாரும் பார்க்காதபோது வழித்துப் போடுவார்கள். யாராவது எதையாவது நீட்டினாலும், இரண்டு தடவை வேண்டாம் என்றுவிட்டு மூன்றாவது தடவைதான் வாங்குவது அங்கே மரியாதை.

ஆர்டிஸ் குவாமின் ட்ரே ஈஸ்டர் காலை விருந்தில் எப்போதும் அந்தத் துணுக்கோடுதான் நின்றது. அவள் கொண்டுவந்தது பிரெஞ்சு டோஸ்ட். தவாவில் ஒவ்வொன்றாகப் புரட்டி எடுப்பதல்ல. கூட்டத்துக்கு அது ஆகாது. முந்தின நாளே ட்ரேயின் அடியில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்ற வேண்டும். அதன்மேல் காய்ந்த ரொட்டியை அடுக்கி, முட்டையும் பாலும் க்ரீமும் பட்டைத் தூளும் அடித்துக் கலந்து ஊற்றி, ஃப்ரிஜ்ஜில் ஊறவிட வேண்டும். காலையில் ஓவனில் வைத்து எடுத்தால் மேலே மொறுமொறுப்பு, நடுவே குழைவு, அடியில் பாகு.

ஆர்டிஸ் பிறந்தது ஊருக்கு வடக்கே ஒரு பால்பண்ணையில். ஐந்து பிள்ளைகளில் நடுப்பிள்ளை. நடுப்பிள்ளைக்கு உரிய வேலை சத்தம் போடாமல் இருப்பது. அதை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். பள்ளி முடித்ததும் ஊர்த் தபால் நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள், ஓய்வு பெறும் வரை எழுந்திருக்கவில்லை. யாருக்கு எந்த ஆஸ்பத்திரியிலிருந்து உறை வருகிறது, யாருடைய மகன் எந்தச் சிறையிலிருந்து எழுதுகிறான் என்பது ஊரில் முதலில் அவளுக்குத்தான் தெரியும். கடைசி வரை சொல்லாதவளும் அவள்தான். அதற்காக ஊர் அவளை மதித்தது. அவளிடம் அன்பாக இருந்ததா என்று கேட்டால், அப்படிப்பட்ட கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை.

வெர்லின் குவாமையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, சீஸ் ஆலைக்குக் கொண்டுபோகும் லாரியை ஓட்டுகிறவன். ஒரு தபால்தலை வாங்க வருவான். மறுநாள் இன்னொன்று.

"மொத்தமா வாங்கிட்டா தினமும் வரவேண்டியதில்லையே?" என்று ஒருநாள் ஆர்டிஸ் கேட்டாள்.

"இல்லைதான்" என்றான் வெர்லின், வெளியே தெருவைப் பார்த்தபடி. மறுநாளும் வந்து ஒன்று வாங்கினான்.

அதற்குமேல் வசனம் இருவருக்கும் தேவைப்படவில்லை. கல்யாணம் ஆயிற்று. மகள் ஒருத்தி பிறந்து, வளர்ந்து, டென்வருக்குப் போனாள். வெர்லின் லாரி ஓட்டினான். ஜன்னலோரக் காற்றும் பால் உறிஞ்சும் பம்பின் இரைச்சலும் சேர்ந்து அவனுடைய இடது காதைத் தின்றுவிட்டன. தேவாலயத்தில் ஆர்டிஸ் உட்காரும் பக்கம் அந்த இடது பக்கம். கல்யாண நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்தாள். காது போய்விட்டதே என்று இடம் மாறினால் அதை நாலு பேர் கவனிப்பார்கள்.

அறுபதை நெருங்கும்போது வெர்லினுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரையில் அடங்காமல் ஊசிக்குப் போனது. கிளினிக்கில் வகுப்பு வைத்தார்கள். தட்டில் இருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். மருந்து குறைந்தால் சர்க்கரை ஏறும். மருந்து கூடினால் இறங்கும். ஏறுவது வருஷக்கணக்கில் மெல்ல அரிக்கும். இறங்குவது நின்ற இடத்திலேயே ஆளைத் தள்ளும். வெர்லின் வகுப்பில் பாதி நேரம் தூங்கினான். ஆர்டிஸ் தூங்கவில்லை. சில பெண்கள் பின்னல் வேலையைப் பிடித்துக்கொள்வது போல அவள் மாவுச்சத்தைப் பிடித்துக்கொண்டாள். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். தள்ளுவண்டியோடு பின்னால் நிற்கிறவர்கள் "அவசரமில்ல ஆர்டிஸ், படி" என்பார்கள். நகரு என்று அர்த்தம்.

ஒருநாள் அவள் தன் ஈஸ்டர் ட்ரேயையே கணக்குப் போட்டுப் பார்த்தாள். ரொட்டியில் இவ்வளவு, பாலில் இவ்வளவு, பழுப்புச் சர்க்கரையில் இவ்வளவு என்று கூட்டி, துண்டுகளால் வகுத்தாள். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றிலேயே, கிளினிக் ஒரு வேளை முழுவதற்கும் அனுமதித்த மாவுச்சத்து வந்து நின்றது. மேலே ஊற்றும் மேப்பிள் பாகை அவள் அப்போது இன்னும் சேர்க்கவேயில்லை. முட்டையும் பாலும் கொடுத்த புரதம் நல்ல பிள்ளையாக ஓரத்தில் நின்றது. வெண்ணெயைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. தன் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது போல அவளுக்கு இருந்தது.

"பாகோட ஒரு துண்டுக்கு எவ்வளவு போடணும்?" என்று வெர்லின் கேட்டான்.

"பத்து யூனிட்."

"சரி, பத்து." வகுப்பில் தூங்கியவன் இந்த ஒன்றை மட்டும் ஞானப்பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டான்.

அந்த வருஷம் ஜனவரியில், காலை ஊசியைப் போட்டுக்கொண்டபின் பனிப்புயலுக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று அவன் சாப்பிடாமல் லாரியை எடுத்தான். வழியில் சர்க்கரை இறங்கியது. லாரி ஒரு வளைவில் பள்ளத்துக்குள் மெல்ல இறங்கி நின்றது. அடி எதுவுமில்லை. இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஜூஸை அவனே எடுத்துக் குடித்து, அவனே தேறி, அவனே இழுவை வண்டியைக் கூப்பிட்டான்.

டாக்டர் ஹல்வர்சன் அந்த ஊர்ப் பண்ணையில் வளர்ந்தவர். சுற்றி வளைத்துப் பேசுவதில் அவரும் ஊரைப் போலத்தான். ஆனால் அன்றைக்கு நேராகச் சொன்னார். "நீயே குடிச்சு நீயே எழுந்துட்ட. அதனால நான் லைசன்ஸ் ஆபீசுக்கு எழுதல. இன்னொரு தடவை வந்து, நினைவு தப்பியோ, அடுத்தவங்க ஊட்டிவிட்டோ நீ எழுந்திருக்க வேண்டி வந்தா, நான் எழுதித்தான் ஆகணும். அப்புறம் லாரி கிடையாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"உன் வயசுக்கு, அவ்வளவுதான்னு வெச்சுக்கோ."

வீட்டுக்கு வந்ததும் வெர்லின் அந்தக் குளிரில் லாரியைக் கழுவினான். வாளித் தண்ணீர் ஊற்ற ஊற்ற உறைந்தது. அப்படியும் கழுவினான். ஆர்டிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி போய்விட்டால் இந்த ஆள் என்ன செய்வான் என்று யோசித்துப் பார்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் அவள் ட்ரேயை மாற்றுவது என்று முடிவு செய்தாள். ஈஸ்டரன்று மற்ற ஆண்களைப் போல அவனும் பயமில்லாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பக்கத்து நகரத்துக்குப் போய், நார்ச்சத்தையே ரொட்டியாகச் சுட்டது போன்ற ஒன்றை வாங்கினாள். பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் ஒரு பொடி. க்ரீமுக்குப் பதில் பாதாம் பால். மஞ்சள் கருவைக் குறைத்து வெள்ளையைக் கூட்டினாள். பாகுகூட சர்க்கரை இல்லாத பாகு. அதை ட்ரேயின் மேலேயே ஊற்றிவிட்டாள். புதிய துண்டின் மாவுச்சத்து பழைய துண்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. கணக்கைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெர்லினிடம் சொல்லவில்லை. சொன்னால் வாயில் வைக்கும் முன்பே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வான். தவிர, சொல்வது என்றால் அதை ஒரு விஷயமாக ஆக்க வேண்டும். விஷயமாக ஆக்குவது குவாம் வீட்டில் பழக்கமில்லை. ஊசி போடுகிற நேரத்தில் பக்கத்தில் போய், "இன்னிக்கு ரெண்டு யூனிட் போதும்" என்று சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தாள்.

ஈஸ்டர் காலை விருந்தை அந்தத் தேவாலயத்தில் ஆண்கள்தான் பரிமாறுவார்கள். பெண்கள் வீட்டில் சமைத்து எடுத்துவருவார்கள். ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கரண்டி பிடிப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இதற்காக ஊரே அவர்களைப் பாராட்டும். அதனால் வெர்லின் முன்னாடியே போய்விட்டான். ஆர்டிஸ் ட்ரேயைக் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு, பின்னால் வந்தாள்.

வந்ததும் சமையலறையில் லவோன் பிடித்துக்கொண்டாள். லவோன் அந்தச் சமையலறையின் எஜமானி. யாரும் அவளை நியமித்ததில்லை; யாரும் அவளைக் கேட்காமல் ஒரு கரண்டியை இடம் மாற்றியதும் இல்லை. அவளும் அதே பிரெஞ்சு டோஸ்ட்தான் கொண்டுவருவாள். இரண்டு ட்ரேயும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இருவருமே பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

லவோன் ஆர்டிஸ் ட்ரேயின்மேல் இருந்த அலுமினியத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். "மேல நிறம் பிடிக்கலையே. உன் ஓவன் பழசாயிடுச்சோ?"

"இருக்கும்."

"நம்ம வயசுதானே அதுக்கும். சரி, அந்த க்ரீம் குவளையெல்லாம் நிரப்பிடேன்."

ஆர்டிஸ் குவளைகளை நிரப்பினாள். வெளியே வரிசை நகர ஆரம்பித்தது. முதலில் வந்தவர்களில் பன்றிப்பண்ணை ஓரின் இருந்தான். அவள் ட்ரேயிலிருந்து ஒரு துண்டு எடுத்து, நின்றபடியே ஒரு வாய் வைத்தான். மென்றான். அந்த ரொட்டியை மெல்ல வேண்டியிருந்தது.

"இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே, ஆர்டிஸ்" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல விதத்துலதான் சொல்றேன்" என்று சேர்த்தான். அதோடு முடிந்தது.

வரிசை அவள் ட்ரேயைக் கடந்துபோனது. மரியாதைக்காகச் சிலர் விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் லவோனின் ட்ரே கரைந்தது. கடைசித் துண்டு பாதியானது, அதில் பாதியானது, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணுக்கு பாகுக்குள் நின்றது. ஆர்டிஸின் ட்ரே முக்கால்வாசி அப்படியே இருந்தது.

பரிமாறுகிறவர்கள் கடைசியாகத்தான் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில்தான் வெர்லினைப் பிடிக்க வேண்டும் என்று ஆர்டிஸ் குவளையை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அவன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். தட்டில் அவளுடைய ட்ரேயிலிருந்து எடுத்த இரண்டு பெரிய துண்டுகள். ஒன்று முடிந்திருந்தது. இரண்டாவதை வெட்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டா?" என்றாள்.

"ரெண்டு." கண்ணடித்தான். "பயப்படாதே. வரிசை முடியும்போதே கொதிகலன் ரூமுக்குப் போய்ப் பத்து போட்டுக்கிட்டேன். வந்து பாத்தா உன் ட்ரே அப்படியே கெடக்கு. விட்டுடுவேனா? மறுபடியும் போய் இன்னொரு பத்து. மொத்தம் இருபது. கணக்கு சரிதானே?"

கணக்கு சரி. ட்ரேதான் வேறு.

வெர்லின் கடைசி வாயைப் போட்டுக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பரவால்ல! மோசமில்ல!" என்றான். அவனுக்குத் தெரிந்த மிகப்பெரிய புகழ்ச்சி அது. அவன் அப்படிக் குரல் உயர்த்திச் சொல்லி ஆர்டிஸ் கேட்டதே இல்லை. அவள் வாயைத் திறந்தாள். அப்போது காபிக் குடுவையோடு லவோன் வந்து நின்றாள்.

"காபி?"

"பாதி மட்டும்" என்றாள் ஆர்டிஸ்.

மேலே ஆராதனைக்கு மணி அடித்தது. நாற்காலி மடக்க வெர்லினைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான்.

மாடிப்படி ஏறும்போது அவள் மனசு கூட்டிக் கழித்தது. முட்டை இருக்கிறது, அது சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்காது. ரொட்டியில் கொஞ்சம். வேறு என்ன சாப்பிட்டான்? ஒரு துண்டு பன்றி இறைச்சி, அதில் ஒன்றுமில்லை. காபி, அதிலும் ஒன்றுமில்லை. இருபது யூனிட், நாலு யூனிட் சாப்பாடு. கைப்பையைத் திறந்து பார்த்தாள். ஆப்பிள் ஜூஸ் டப்பா, குழந்தைகள் குடிக்கிறது, எப்போதும் வைத்திருப்பாள். இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் கொடுத்துவிட வேண்டும். ஆனால் வெர்லின் வழக்கம்போல வாசலில் நின்று ஆட்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாட்டு முடிந்து, போதகரம்மா பிரசங்க பீடத்துக்கு ஏறும்போதுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பின் பெஞ்சில் லவோன்.

மேலுதட்டில் வியர்வை. கொட்டாவி ஒன்று, உடனே இன்னொன்று. ஆர்டிஸுக்கு அவை தெரிந்த அடையாளங்கள். ஜூஸை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"குடி."

"எதுக்கு?"

"இறங்குது உனக்கு. குடி."

"ரெண்டு துண்டு சாப்பிட்டிருக்கேன். ஏறித்தான் இருக்கும்."

"வெர்லின்."

"அதுக்கு மேல ஜூஸா? நல்லா இருக்கே கதை." சர்க்கரை இறங்கும்போது அவனுக்குப் பிடிவாதம் ஏறும், அதுவும் ஓர் அடையாளம். "நீதானே சொன்ன, துண்டுக்குப் பத்துன்னு? போட்டாச்சு. உன் கணக்குதான். பேசாம பிரசங்கத்தைக் கேளு."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை உடைக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. சொல்ல வேண்டிய இடம் அவனுடைய கேட்காத காது. அதற்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் லவோனின் கேட்கிற காதுகள் இரண்டு.

"அதுல சர்க்கரை இல்ல" என்றாள் மெதுவாக.

"என்ன?"

"நான் செஞ்சதுல."

"சத்தமாச் சொல்லேன்."

போதகரம்மா இளவயசுக்காரி. கேள்வி கேட்டுவிட்டுச் சபை யோசிக்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்துவது அவள் வழக்கம். "கல்லறை வாசலிலே இருந்த கல்லை யார் புரட்டுவது என்று அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். யார்?" என்றாள். நிறுத்தினாள்.

"என் ட்ரேல சர்க்கரையே இல்லன்னு சொல்றேன்!" என்றாள் ஆர்டிஸ்.

சபையில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் சுவரில் மாட்டிய பாட்டு எண் பலகையைப் படித்தார்கள். தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் அத்தனை வருஷம் இருந்த குரலை அந்த ஊர் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். போதகரம்மா ஒரு கணம் தயங்கிவிட்டு, தேவதூதனைப் பற்றித் தொடர்ந்தாள்.

வெர்லின் மனைவியைப் பார்த்தான். விஷயம் உள்ளே போக நேரமெடுத்தது. "ரொட்டியும் வேறயா?"

"வேற."

"பாகு?"

"அதுலயும் இல்ல. உனக்காகத்தான் செஞ்சேன். இப்போ குடி."

அவன் ஜூஸ் டப்பாவை எடுத்தான். அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்ட்ராவைப் பிய்க்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பிய்த்தான், துளையில் குத்தப் பார்த்தான். வழுக்கியது. மறுபடி குத்தினான், டப்பா சரிந்தது. ஆர்டிஸின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. அடுத்தவங்க ஊட்டிவிட்டா, என்றிருந்தார் டாக்டர். துளையில் ஸ்ட்ரா குத்திக் கொடுப்பது ஊட்டுவதா, இல்லையா? அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டால் அவளால் பொய் சொல்ல முடியாது. ஏப்ரல் முடிவதற்குள் டாக்டர் கேட்கத்தான் போகிறார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. லவோன் எழுந்து வெளியே போனாள். பிரசங்கத்தின் நடுவே லவோன் எழுந்துபோய் யாரும் பார்த்ததில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது, பிறகு ஏறும் சத்தம். அவள் வந்து தன் இடத்துக்குப் போகாமல், அவர்களுடைய பெஞ்சின் ஓரத்தில், வெர்லினின் நல்ல காதுப் பக்கம் குனிந்தாள். கையில் காகிதத் துண்டு. அதன்மேல் அவளுடைய ட்ரேயில் மிஞ்சியிருந்த துணுக்கு. அதன் தலைமேல் ட்ரேயின் மூலைகளிலிருந்து சுரண்டியெடுத்த பாகு, கட்டியாக, நிறைய.

"இது ஒரு சின்னத் துண்டு மிஞ்சிப்போச்சு" என்றாள் லவோன். "யாராவது முடிச்சுவெச்சா பாத்திரம் கழுவிடுவேன்."

"வேணாம் லவோன்" என்றான் வெர்லின். அவன் முகம் வெளுத்திருந்தது. "உங்க வீட்ல யாருக்காவது..."

"எங்க வீட்ல எல்லாம் சாப்பிட்டாச்சு. வீணாப் போகும்."

"இல்ல இல்ல. கடைசித் துண்டு. எனக்கெதுக்கு."

ஆர்டிஸ் தன் கைகளின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

"எடுத்துக்கிட்டா எனக்கு ஒரு வேலை குறையும்" என்றாள் லவோன், மூன்றாவது தடவையாக.

"அப்படின்னா சரி" என்றான் வெர்லின். "உனக்கு உதவியா இருக்கும்னா."

காகிதத்தில் பாகு ஒருபக்கம் வழிந்தது. அவன் துணுக்கை எடுத்து வாயில் போட்டான், விரல்களைச் சப்பினான், பிறகு காகிதத்தையே வழித்தான். எல்க் ரன் தேவாலயத்தில், எல்லாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் ஆண் கடைசித் துண்டைத் தின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஜூஸ் டப்பாவின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து அதையும் குடித்தான். சட்டையில் பாதி, உள்ளே பாதி. ஆமென் சொல்லும் இடத்தில் சரியாக ஆமென் சொன்னான். அப்போதுதான் ஆர்டிஸ் கைகளை வெளியே எடுத்தாள். இரண்டும் மரத்துப்போயிருந்தன.

கீழே போனபோது அவளுடைய ட்ரே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இதுல நிறைய இருந்துதே?" என்றாள் ஆர்டிஸ்.

"போயிடுச்சு" என்றாள் லவோன், துணியைப் பிழிந்தபடி.

வெளியே பன்றிப்பண்ணை ஓரின் தன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஒரு மூடிய வாளியை ஏற்றிக்கொண்டிருந்தான். ஆர்டிஸைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான். அவள் காலி ட்ரேயோடு கார் வரைக்கும் நடந்தாள்.

அவள்தான் காரை ஓட்டினாள். வெர்லின் ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கார் சீஸ் ஆலையைத் தாண்டியது.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றான்.

"சொல்லு."

"வித்தியாசமாத்தான் இருந்துச்சு."

"தெரியும்" என்றாள் ஆர்டிஸ். சிறிது தூரம் போனபின், "அப்புறம் எதுக்கு ரெண்டு தின்ன?" என்றாள்.

வெர்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தபால்தலையைப் பற்றிக் கேட்டபோது பார்த்தது போலவே.

மாதக் கடைசியில் டாக்டர் ஹல்வர்சனிடம் போனார்கள். ஆர்டிஸ் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. வெர்லின் வாயைத் திறக்கும் முன்பே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: ரொட்டி, பொடி, பாகு, இருபது யூனிட், ஸ்ட்ரா. ஒரு விஷயத்தை அவ்வளவு நேரம் தொடர்ந்து அவள் பேசியதே இல்லை. "லவோன்தான் கொண்டுவந்து குடுத்தா. அது அடுத்தவங்க உதவின்னா உதவிதான். நான் மறைக்க விரும்பல."

டாக்டர் பேனாவை எடுத்தார். வெர்லின் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊட்டிவிட்டாளா?"

"இல்ல. நீட்டினா. அவனே எடுத்துக்கிட்டான்."

"நீட்டின உடனே எடுத்துட்டானா?"

"இல்ல. வேணாம்னான். மறுபடி கேட்டா, மறுபடியும் வேணாம்னான். மூணாவது தடவைதான் எடுத்தான்."

"எடுக்கும்போது ஏதாவது சொன்னானா?"

"அவளுக்கு உதவியா இருக்கும்னா சரின்னான்."

டாக்டர் பேனாவை மூடி சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "அப்போ அவனுக்கு நினைவு தெளிவாத்தான் இருந்திருக்கு" என்றார்.

மறுநாள் விடியுமுன் லாரி கிளம்பியது. இருக்கைக்குப் பக்கத்தில் ஆர்டிஸ் வைத்த ஜூஸ் டப்பாக்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரா ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்தது.